எந்தப் படம், மாமா?

ஷாதிபூரில் எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளவயதில் கப்பலேறி இங்கு வந்து, அபர்தீன் பஜாரில் சின்னதாக ஒரு கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். காரியங்கள் எல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகன் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினான். கட்டிலுக்கடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள். ஒன்று நிறையக் கேசட்டுகள். மற்றொன்றில் பாதி கேசட், பாதி சி.டி.

"இதையெல்லாம் என்ன மாமா செய்யறது? எல்லாப் பாட்டும் இப்ப போன்லயே இருக்கே" என்றான்.

பெரியவர் கடைக்காரர் அல்லவா, இசைக்கும் கணக்கு வைத்திருந்தார். ஒரு நீள நோட்டில் வரிசை எண், படத்தின் பெயர், இசை, ஆண்டு, விலை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். பெட்டிக்குள்ளும் படத்தின் பெயரை வைத்து அகர வரிசை. நம்மில் யார் வீட்டிலும் இப்படித்தான். "அந்தப் பாட்டு என்ன படம்?" என்று கேட்டுத்தானே நாம் பாட்டைத் தேடுகிறோம்? பாடியவர் பெயரோ எழுதியவர் பெயரோ பிறகுதான் வரும்.

வகர வரிசையில் அடுத்தடுத்து இரண்டு சி.டி.க்கள். இரண்டின் பெயரும் 'வல்லவன்'. ஒன்று 2006 தீபாவளிக்கு வந்த சிலம்பரசன் படம், யுவன் சங்கர் ராஜா இசை. மற்றொன்றின் மேல் சிம்புவும் இல்லை, நயன்தாராவும் இல்லை. அதைத் தூக்கிக் காட்டி, "இது எந்தப் படம், மாமா?" என்று கேட்டான். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். 'படம்' என்ற கட்டத்தில் பெரியவர் ஒரு குறுக்குக்கோடு போட்டிருந்தார். பக்கத்தில், 'மலேசியாப் பிள்ளைகள்' என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு குறுந்தகட்டைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை. அது யாருடையது, எப்படிக் கேட்க வேண்டும், ஏன் அதைத் தூக்கிப் போடக் கூடாது என்று மகனுக்கு நான் சொன்னதையே கொஞ்சம் விரித்து நம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், நம் தீவுக்குப் பாட்டு வந்து சேர்ந்த விதத்தை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டால் ஹேடோ துறைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். அந்தக் கப்பலில்தான் அரிசி, பருப்பு, கல்யாணப் பத்திரிகை, வார இதழ் எல்லாம் வரும். கேசட்டும் அதில்தான் வந்தது. ஊருக்குப் போகிறவரிடம் ஒரு தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுப்போம். அவர் மதுரையிலோ சென்னையிலோ ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டா 90 நிமிடமா என்று பேரம் பேசிப் பதிவு செய்து வாங்கி வருவார். பட்டியலில் இல்லாத ஒரு பாட்டைக் கடைக்காரர் கடைசியில் மிச்ச நாடாவுக்கு நிரப்பியிருப்பார். அப்படி ஓசியில் வந்த பாட்டுகளில் சில எனக்கு இன்றும் பிடித்தமானவை.

இணையம் வந்த பிறகும் இங்கே நிலைமை வேறாகத்தான் இருந்தது. தீவுகள் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஒரு பாட்டை இறக்கிக்கொள்ள வைத்துவிட்டுச் சமையலை முடித்துவிட்டு வரலாம். சென்னைக்கும் இங்கும் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பிவடம் போட்டு, அது 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை ஒரு பாட்டு வேண்டுமென்றால் அது வீட்டில் இருக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களைவிட நம் வீட்டுப் பெட்டிகள் கனமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி அந்தக் குறுந்தகட்டுக்கு வருவோம்.

'வல்லவன்' 2006-இல் வெளிவந்த இசைத்தொகுப்பு. செய்தவர்கள் மலேசியாவைச் சேர்ந்த யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினர். நட்சத்ரா என்பது டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் என்ற இருவர். டாக்டர் என்றதும் மருத்துவர் என்று எண்ண வேண்டாம், புனைபெயர்தான். யோகி பி இவர்களுக்கு மூத்தவர். 1990களிலேயே 'பொயட்டிக் அம்மோ' என்ற மலேசியக் குழுவில் இருந்து பெயர் பெற்றவர். அந்தக் குழுவின் முதல் தொகுப்பு 1998-இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று நான்கு மொழியிலும் பாடினார்கள். மலேசியத் தெருவில் கேட்கும் மொழிகள் அவைதாமே.

நான்கு மொழி கைவசம் இருக்கும்போது, ஆங்கிலமும் மலாயும் பெரிய சந்தை தரும்போது, எட்டு ஆண்டு கழித்து அவர் இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு தமிழிலேயே ஒரு முழுத் தொகுப்பைச் செய்தார். இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மலேசியத் தமிழரில் பெரும்பாலோர் ரப்பர் தோட்ட வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஆங்கிலேயர் காலத்தில் போனவர்களின் வழித்தோன்றல்கள். அங்கே இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கூடத் தமிழ் வேறு, பதினெட்டு வயதுப் பையன் தன் சிநேகிதர்கள் முன் வெட்கப்படாமல் பேசும் தமிழ் வேறு. இந்தக் குறுந்தகட்டில் இருப்பது இரண்டாவது.

இங்கே ஷாதிபூரில் நம் பிள்ளைகள் தெருவில் இறங்கினால் இந்திதான். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்போல் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் சேர்ந்து வாழும் இடத்தில் பொதுமொழி ஒன்று வேண்டியதுதான்; அதில் குறையில்லை. ஆனால் தமிழ் என்பது பாட்டி பேசுவது, சங்கத்து விழாவில் ஒப்பிப்பது என்று பிள்ளை நினைத்துவிட்டால் அது வேறு விஷயம். பெரியவர் அந்தச் சி.டி.யை வாங்கியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவருடைய தங்கை மகன் கோலாலம்பூரில் வேலை பார்த்தான். சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது கொடுத்தானாம். பெரியவர் அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார். வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள்: போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய ஒரே தூரம், 1,360 கிலோமீட்டர் சுமார். எதிர்வீட்டுப் பொருள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது!

'படம் இல்லாத பாட்டு' என்பது தமிழில் புதிதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பெரியவரின் பெட்டியிலேயே டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஈ.எம்.ஹனீபா எல்லாம் இருந்தார்கள். நாட்டுப்புறப் பாடல்களை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் புஷ்பவனம் குப்புசாமியும் கேசட்டில் கொண்டுவந்தார்கள். இலங்கையிலிருந்து சிலோன் மனோகரின் துள்ளிசை வந்தது. இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' என்று வாத்திய இசைத் தொகுப்புகள் தந்தார். ரகுமானின் 'வந்தே மாதரம்' 1997-இல் வந்தது. ஆக, பக்தி இருந்தது, நாட்டுப்பாடல் இருந்தது, சினிமாவில் புகழ்பெற்ற மேதைகள் தனியே செய்தவை இருந்தன. இல்லாதது ஒன்று: பெயர் தெரியாத நாலு இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் வாழ்க்கையைத் தங்கள் சொல்லில் பாடி, ஒரு தொகுப்பாகத் தருவது. மேல்நாட்டில் இதைச் சுயேச்சைக் குழு என்ற பொருளில் 'இண்டி பேண்ட்' என்பார்கள்.

சினிமாப் பாட்டுக்கும் இதற்கும் வேறுபாடு மெட்டில் இல்லை, செய்யும் முறையில்தான். சினிமாவில் இயக்குநர் ஒரு காட்சியைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் அந்த மெட்டுக்குள் சொல்லை அடைப்பார், பாடகர் வேறொருவர், வாயசைப்பவர் இன்னொருவர். ஐந்து பேரும் திறமைசாலிகள். ஆனால் பாட்டில் வரும் 'நான்' யார் என்று கேட்டால் ஐந்து பேரும் இல்லை, கதையில் வரும் ஓர் ஆள். சுயேச்சைக் குழுவில் எழுதியவனே பாடுகிறான், 'நான்' என்றால் அவனேதான். அதே காரணத்தால் ஒரு நட்டமும் உண்டு. நடிகர் முகம் இல்லை, சுவரொட்டி இல்லை, தீபாவளி ரிலீஸ் இல்லை. பாட்டு தானாக நடந்து ஊர் ஊராகப் போக வேண்டும்.

'வல்லவன்' தொகுப்பில் அப்படி நடந்துபோன பாட்டு 'மடை திறந்து'. பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: "அது நிழல்கள் படத்துப் பாட்டல்லவா?" அதேதான். 1980-இல் பாரதிராஜா இயக்கிய படம். இளையராஜா இசை, வாலி எழுதியது, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடியது. மலேசிய இளைஞர்கள் அந்தப் பழைய பாட்டின் துண்டுகளை எடுத்து, கீழே கனமான தாளத்தைப் போட்டு, நடுவே தங்கள் சொற்களைக் கடகடவென்று கொட்டியிருக்கிறார்கள். ராப் இசையில் இது பழைய வழக்கம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் வாத்தியம் வாங்கக் காசில்லாத இளைஞர்கள், வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் பேசினார்கள். அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டிதான் பிள்ளையின் வாத்தியம். தொகுத்து வைக்கும் பழக்கமுள்ள வீட்டில்தான் இந்தக் கலை பிறந்தது என்று சொல்லலாம்.

எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நிழல்கள் படத்தில் அது வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இசைக் கலைஞனின் கனவுப் பாட்டு. வாய்ப்பே தேடாமல் தாமே கதவைத் திறந்துகொண்ட பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டது பொருத்தம்.

"இது பாட்டா, திட்டா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். பிறகு மெட்டைத் தேடுவதை விட்டுவிட்டுச் சந்தத்தைக் கேட்டேன், வழி திறந்தது. நம் செய்யுளில் எதுகை, மோனை, இயைபு என்று மூன்றைப் பள்ளியில் படித்தோம். முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அடியின் இறுதி ஒன்றினால் இயைபு. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் முடிவில் ஒலி ஒத்துவருவதை நம்புகிறது, அதாவது நம் இயைபை. தமிழில் வினைமுற்றுகள் எல்லாம் 'கிறேன்', 'கிறான்' என்று ஒரேபோல் முடிவதால் இயைபு மலிவாகக் கிடைத்துவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு பாடினால் சலித்துப்போகும். நல்ல தமிழ் ராப் பாடுகிறவர் எதுகையைப் பிடிக்கிறார். கடல், உடல், மடல் என்று அடியின் தலையில் அடிக்கிறபோது தாளத்தின் தட்டும் சொல்லின் தட்டும் ஒன்றாக விழுகின்றன. அருணகிரிநாதரின் திருப்புகழைச் சந்தம் பிசகாமல் வேகமாகச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாக்கு சறுக்கும் இடமும் அதேதான், மூச்சு வாங்கும் இடமும் அதேதான். பக்தியைப் பற்றிச் சொல்லவில்லை, பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

குறையும் உண்டு. 'நான் வல்லவன், நான் கெட்டிக்காரன்' என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் பழக்கம் ராப் இசை முழுவதிலும் இருக்கிறது. இத்தொகுப்பிலும் கொஞ்சம் அதிகம். ஆங்கிலக் கலப்பும் இருக்கிறது. தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே மூச்சில் முழுத் தொகுப்பையும் கேட்க என்னால் முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பாட்டு, பிறகு ஒரு டீ, பிறகு இரண்டு பாட்டு. ஆனால் பேச்சு வேகத்தில், பதினாறு வயதுக் கோபத்தில், கேலியில் தமிழ் எப்படி ஓடும் என்று காட்டியதற்காக இந்தக் குறையெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் வந்தது. 2012-இல் கோவைப் பையன்களின் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. 2017-இல் 'விவேகம்' படத்திலும் 2018-இல் ரஜினிகாந்தின் 'காலா' படத்திலும் யோகி பி பாடினார். அதே 2018 ஜனவரியில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் கிடாரும் ராப்பும் ஒரே மேடையில். அக்குழுவில் பாடிய அறிவு 2019-இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பைத் தந்தார். 2021-இல் அவரும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்தப் பாட்டில் வரும் வள்ளியம்மாள் அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படி அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில நம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன என்பதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

வழக்கமாகச் சென்னையிலிருந்து பாட்டு வெளியே போகும், வெளியில் இருப்பவர்கள் வாங்கிக் கேட்போம். இந்த ஒரு வகை இசையில் மட்டும் வெளியிலிருந்த பிள்ளைகள் முன்னே போனார்கள். கோடம்பாக்கம் பின்னால் வந்தது. 1994-இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் அது ஒரு படத்தில் ஒரு பாட்டு.

இப்போது மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லாம் போனில் இருக்கும்போது எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை அவன் சொல்வது ஏறக்குறைய சரி. படம் இருக்கும் வரை பாட்டு இருக்கும். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதில் வருமானம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். சுயேச்சைக் குழுவின் தொகுப்புக்கு அந்தக் காவல் இல்லை. குழு பிரியும், வெளியிட்ட நிறுவனம் மூடப்படும், பழைய பாட்டின் துண்டை எடுத்தாண்டிருந்தால் மெட்டுக்கும் சொல்லுக்கும் ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை என்று சிக்கல் வரும், ஒரு நாள் போனில் தேடினால் அந்தப் பாட்டு இருக்காது. இருக்கிற இடம் யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் உள்ள பெட்டி மட்டுமே. ஆகவே இடம் போதாமல் கழிக்க வேண்டி வந்தால், படப் பாட்டை முதலில் கழியுங்கள். படம் இல்லாததைக் கடைசி வரை வையுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்.

வைத்துக்கொள்வது என்றால் நம் தீவில் அது சும்மா நடக்கிற காரியமில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை, மீதி நாளில் உப்புக் காற்று. பெரியவரின் கேசட்டுகளில் பாதிக்கு மேல் நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அப்படி இருப்பதை ஆர்வத்தில் டேப்ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், நாடாவும் அறுந்துபோகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வறண்ட மாதங்களான ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், காற்றோட்டமான நிழலில் சில நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் நாடா நெளிந்துவிடும். உலர்ந்த பிறகு மென்மையான துணியால் பூஞ்சணத்தைத் துடைத்து, பென்சிலை விட்டுக் கையால் மெதுவாக ஒரு முறை முழுவதும் சுற்றிப் பார்த்து, தடையின்றி ஓடினால் மட்டுமே போட வேண்டும். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது. அதில் இருமடங்கு பொறுமை வேண்டும்.

குறுந்தகடு கெட்டி என்று நினைக்கிறோம். பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு எழுத்துள்ள பக்கத்தை மேசையில் தேய்க்கிறோம். உண்மையில் ஆபத்து எழுத்துப் பக்கத்தில்தான். இசையைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பளபளப்பான பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் ஓடும். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வீட்டில் பதிவு செய்த சி.டி. என்றால் அதில் இருப்பது ஒரு வகைச் சாயம். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். தகரப் பெட்டியைத் தரையில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலங்களை மாற்றுங்கள்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்கு ஒரு ஒயர், இலவசமாகக் கிடைக்கும் ஒரு பதிவு மென்பொருள், அவ்வளவே. முதலில் சுருக்காமல் 'வேவ்' கோப்பாக வையுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 600 எம்.பி. போல் ஆகும்; இப்போது அது ஓர் இடமே அல்ல.

பெரியவர் வீட்டுப் பெட்டிகளை நானும் மகனும் நான்கு மாலைகள் உட்கார்ந்து பிரித்தோம். 'வல்லவன்' நன்றாக ஓடியது. முதல் நாளே மாற்றிவிட்டோம். மூன்றாம் நாள், நோட்டில் எண் இல்லாத ஒரு கேசட் கிடைத்தது. மேலே 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டோம். ஒரு கிழவியின் குரல். பெரியவரின் தாயார் ஒரே ஒரு முறை கப்பலேறி இங்கு வந்திருந்தபோது, முற்றத்தில் உட்கார்ந்து பாடிய தாலாட்டும் கும்மியும். பின்னால் கோழி கத்துகிறது, யாரோ இந்தியில் மீன் விலை கேட்கிறார்கள். அவர் மூச்சு வாங்கி, "போதும்ப்பா" என்கிறார். "இன்னொண்ணு ஆத்தா" என்று இளவயதுப் பெரியவரின் குரல் கெஞ்சுகிறது. மகன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பதினொன்றாம் நிமிடத்தில், கும்மியின் பாதி அடியில், டக்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து முழு வேகத்தில் 'பேட்டை ராப்'.

"நாந்தான் மாமா. அப்போ எனக்குப் பத்து வயசு. வெறும் கேசட்னு நினைச்சேன்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது. அந்தக் கேசட்டில் இரண்டும் உடைக்கப்படாமல் இருந்தன. மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தோம். முழுவதும் காதலன் பாட்டுகள். அந்தப் பதினொரு நிமிடத்தை மூன்று இடத்தில் சேமித்துக் கொடுத்தேன். அதையும் 'வல்லவன்' சி.டி.யையும் நீள நோட்டையும் அவன் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனான். சிம்பு படத்தை எனக்கு வைத்துவிட்டான்.

மீதி இரண்டு பெட்டிகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. படமில்லாதவை என்று நான் பிரித்து வைத்தவற்றில் முப்பத்து நான்கு கேசட்டுகள் இன்னும் மாற்றப்படவில்லை. அவற்றில் ஏழில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். என்னுடைய டேப்ரெக்கார்டர் பெல்ட் தளர்ந்து குரலை இழுக்கிறது. நம் அங்கத்தினர் யாரிடமாவது ஓடும் நிலையில் டேப் டெக் இருந்து, சில வாரங்களுக்கு இரவல் தர மனமிருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். மழை தொடங்குவதற்குள் கிடைத்தால் நல்லது.